அலுவலக நெட்வொர்க்கில் டிஎன்எஸ்: எந்தக் கேள்வி யாரிடம் போக வேண்டும்?

ஐபி எண்ணைத் தட்டினால் ஃபைல் சர்வர் திறக்கிறது; பெயரைத் தட்டினால் திறக்க மறுக்கிறது. ஒரு கணினியில் லாகின் ஆகப் பல நிமிடம் பிடிக்கிறது, பக்கத்து மேசையில் உடனே ஆகிவிடுகிறது. நேற்று வரை கிடைத்த பிரிண்டர் இன்று காணோம். கணினியை அணைத்துப் போட்டால் திரும்பவும் வந்துவிடுகிறது. பார்க்க மூன்றும் வேறு வேறு கோளாறுகள். தோண்டிப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே வேர் இருப்பது சகஜம். பெயருக்கான எண்ணைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், அந்தக் கணினி வேறெங்கோ கேட்டுக்கொண்டிருக்கிறது.

பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி எண்ணைச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். அலுவலக டிஎன்எஸ் நிர்வாகத்தில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்தைச் சரிசெய்வதுதான். எந்தப் பெயருக்கு யார் பொறுப்பு, அந்தக் கேள்வி எந்த வழியாக அவரிடம் போகிறது என்ற இரண்டும் தெளிவாக இருந்தால் மீதி வேலை கடினமில்லை.

கேள்வி போகும் பாதை

பிரவுசரில் ஒரு பெயரைத் தட்டியதும் கணினி முதலில் தன்னிடமே தேடுகிறது. பெயர்களும் எண்களும் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா, சற்று முன் கேட்டு வாங்கிய பதில் கேஷில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டிலும் இல்லையென்றால், தன் நெட்வொர்க் அமைப்பில் கொடுக்கப்பட்டுள்ள டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. கேள்வியை வாங்கிக்கொண்டு பதிலைத் தேடித் தரும் அந்த சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர்.

ரிசால்வருக்கும் தெரியாவிட்டால் மேலிருந்து கீழாக விசாரிக்கிறது. ரூட் சர்வரைக் கேட்டால் '.காம்' யாரிடம் இருக்கிறது என்று சொல்லும். '.காம்' சர்வரைக் கேட்டால் 'உதாரணம்.காம்' டொமைனின் பொறுப்பு சர்வர் எது என்று சொல்லும். அந்தப் பொறுப்பு சர்வர்தான் கடைசியில் எண்ணைக் கொடுக்கும். ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு. பெயர்கள்தான் 13, ஒவ்வொரு பெயரின் பின்னாலும் உலகின் பல இடங்களில் பல இயந்திரங்கள் பதில் சொல்கின்றன.

இந்த அடுக்கு முறைக்கு முன்பு, நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு டொமைனையும் அதற்கு உரியவரே பார்த்துக்கொள்வார், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். 1987-ல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இணைய விதிமுறை ஆவணங்கள்தான் இன்றைக்கும் அடிப்படை.

அலுவலகத்துக்குள் நாம் செய்வதும் இதே பிரிவினைதான். உள் பெயர்களுக்குப் பொறுப்பு உள் சர்வர். வெளி உலகப் பெயர்களுக்கு அது ரிசால்வராக மட்டும் இருந்து, வெளியே விசாரித்துப் பதிலைக் கொண்டுவரும். சிறிய அலுவலகத்தில் இரண்டு வேலையையும் ஒரே இயந்திரம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் வெளி டொமைனை இணையம் முழுவதற்கும் பரிமாறும் சர்வர் தனியாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதை டொமைன் பதிவு நிறுவனத்திடமோ கிளவுட் சேவையிடமோ விட்டுவிடுவதே நல்லது.

கணினிகளில் எதைப் போடுவது

அதிகமானோர் சறுக்கும் இடம் இது.

கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இரண்டு டிஎன்எஸ் சர்வர்களுக்கு இடம் இருக்கும். முதலாவதாக உள் சர்வர், இரண்டாவதாக ஏதாவது ஒரு பொது சர்வர், உதாரணமாக 8.8.8.8, என்று போடுவது பலரின் பழக்கம். 'உள்ளே இருப்பது படுத்துவிட்டால் இணையமாவது வரட்டும்' என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் டிஎன்எஸ் அப்படி வேலை செய்வதில்லை.

முதல் சர்வருக்குத் தெரியாததை இரண்டாவதிடம் கேட்பது என்ற ஏற்பாடே இங்கு கிடையாது. முதல் சர்வர் உரிய நேரத்தில் பதிலே தராதபோதுதான் கணினி அடுத்ததிடம் போகும். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்பதும் முழுமையான பதில்தான். அது வந்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது. ஆகவே உள் சர்வர் ஒரு அப்டேட்டுக்காகச் சில நொடிகள் மௌனமானால்கூடக் கணினி பொது சர்வரிடம் போய் ஃபைல் சர்வரின் பெயரைக் கேட்கும். பொது சர்வர் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லும். கணினி அதை நம்பி நினைவிலும் வைத்துக்கொள்ளும். உள் சர்வர் திரும்ப வந்த பிறகும் விண்டோஸ் கணினி சிறிது நேரம் இரண்டாவது சர்வருடனேயே தங்கிவிடலாம். பிரிண்டர் காணாமல் போய் மறுபடி வந்த மர்மம் இதுதான்.

பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடான ஆக்டிவ் டைரக்டரி இருக்கும் நெட்வொர்க்கில் பாதிப்பு இன்னும் மோசம். லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர்களில் எதை அணுகுவது என்பதைக் கணினி, எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்ஆர்வி பதிவுகளைக் கேட்டுத்தான் அறிகிறது. அந்தக் கேள்வி வெளி சர்வருக்குப் போனால் பதில் கிடைக்காது. லாகின் இழுத்துக்கொண்டே போகும், கணினிகளுக்கு மையத்திலிருந்து அனுப்பும் அமைப்புகளான குரூப் பாலிசி வந்து சேராது.

விதி இதுதான்: பட்டியலில் உள்ள எல்லா சர்வரும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அப்படியானால் உள் சர்வர்களே இரண்டு தேவை, உதாரணமாக 192.168.10.5, 192.168.10.6. இரண்டையும் ஒரே இயந்திரத்தின் மேல் ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாக வைத்தால் பயன் பாதிதான், ஏனென்றால் கீழே இருக்கும் இயந்திரம் நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். பொது சர்வரின் எண் இடம்பெற வேண்டியது கணினிகளில் அல்ல. உள் சர்வர் தனக்குத் தெரியாத கேள்விகளை ஒப்படைக்கும் சர்வர்களின் பட்டியலில், அதாவது ஃபார்வர்டர் பட்டியலில்.

இந்த எண்களை ஒவ்வொரு கணினியிலும் கையால் போடாதீர்கள். கணினிகளுக்கு ஐபி எண்ணையும் நெட்வொர்க் அமைப்பையும் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரில் 6-ஆம் ஆப்ஷன் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல், 15-ஆம் ஆப்ஷன் டொமைன் பெயர். இரண்டையும் அங்கே ஒருமுறை போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும். இன்டர்நெட் இணைப்புடன் வந்த ரவுட்டரும் டிஹெச்சிபி வேலையைச் செய்துகொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது தன்னையே டிஎன்எஸ் சர்வராக அறிவித்துவிடும். ஐபிவி6 பக்கத்தையும் மறக்க வேண்டாம். ஐபிவி4-ல் எல்லாம் சரியாக இருக்க, ரவுட்டரின் ஐபிவி6 அறிவிப்பு வழியாக வேறு டிஎன்எஸ் சர்வர் உள்ளே நுழைந்திருக்கும்.

லினக்ஸில் டிஎன்எஸ் சர்வர்களைக் குறிக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் மூன்று சர்வர்கள் வரைதான் கணக்கில் எடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் இயல்பாக 5 நொடிக் காத்திருப்பு. முதல் சர்வர் செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு புதிய பெயருக்கும் 5 நொடி தாமதம் என்று பொருள். 'சர்வர் ஸ்லோ' என்று வரும் புகார்களில், எல்லாமே சரியாக ஐந்து ஐந்து நொடியாகத் தாமதமானால் முதலில் இங்கே பாருங்கள்.

உள் டொமைனுக்கு என்ன பெயர்

பெயரை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதனால் இங்கே அவசரம் வேண்டாம்.

'.லோக்கல்' என்று முடியும் பெயர்கள் ஒரு காலத்தில் பரவலாக வைக்கப்பட்டன. 2013-ல் வந்த ஆர்எஃப்சி 6762 அந்த முடிவை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. மேக் கணினியும் பல லினக்ஸ் கணினிகளும் '.லோக்கல்' பெயரை சர்வரிடம் கேட்காமல், 224.0.0.251 என்ற முகவரியில் அக்கம்பக்கத்துக் கருவிகளிடம் உரக்கக் கேட்கும். விண்டோஸில் திறப்பது மேக்கில் திறக்காததற்குப் பல இடங்களில் காரணம் இதுதான்.

கற்பனையாக ஒரு முடிவை வைத்துக்கொள்வதும் ஆபத்து. '.டெவ்' என்று உள்ளே பயன்படுத்தியவர்கள் பலர். அது பிறகு உண்மையான டொமைனாகி, 2017 இறுதியிலிருந்து குரோம் பிரவுசர் '.டெவ்' பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது; சான்றிதழ் இல்லாத உள் தளங்கள் திறக்காமல் நின்றன.

நாங்கள் பரிந்துரைப்பது, உங்களுக்குச் சொந்தமான டொமைனின் கீழ் ஒரு கிளை. 'உதாரணம்.காம்' உங்களுடையது என்றால் உள்ளுக்கு 'ஏடி.உதாரணம்.காம்'. உலகில் வேறு யாருடனும் மோதாது, சான்றிதழ் வாங்குவதும் எளிது. சொந்த டொமைனே இல்லாத சூழலுக்கு '.இன்டர்னல்' இருக்கிறது, அதை 2024-ல் உலக டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கென ஒதுக்கி வைத்தது.

உள்ளேயும் வெளியேயும் ஒரே 'உதாரணம்.காம்' என்று வைத்துவிட்ட இடங்களும் உண்டு. அங்கே உள் சர்வர் அந்த டொமைன் முழுவதற்கும் தானே பொறுப்பு என்று நம்புகிறது. தன்னிடம் இல்லாத பெயரை வெளியே விசாரிக்காது. எனவே வெளியே இருக்கும் ஒவ்வொரு பெயரையும், முக்கியமாக இணையதளத்தின் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' பெயரையும் மின்னஞ்சலுக்கானவற்றையும், உள் சர்வரின் பதிவுத் தொகுப்பிலும் (சோன்) கையால் எழுதிப் பராமரிக்க வேண்டும். வெப்சைட் புதிய ஹோஸ்டிங்குக்கு மாறும் நாளில் ஊரெல்லாம் புதிய தளத்தைப் பார்க்க, அலுவலகத்தில் இருப்பவர்கள் மட்டும் பழையதைப் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு, ஆக்டிவ் டைரக்டரியில் முன்னொட்டு இல்லாத 'உதாரணம்.காம்' என்ற பெயரை டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரைத் தட்டினால் உள்ளிருந்து இணையதளம் வராது.

பதிவுகளில் நடக்கும் பிழைகள்

ஒரு டொமைனுக்கான பதிவுகளின் தொகுப்புதான் சோன். அதில் ஏ பதிவு பெயரை ஐபிவி4 எண்ணுடன் இணைக்கிறது, 'ஏஏஏஏ' பதிவு ஐபிவி6 எண்ணுடன். சிநேம் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடுகிறது. சிநேம் இருக்கும் பெயரில் வேறு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது, டொமைனின் தலைப் பெயரிலும் அதை வைக்க முடியாது. எம்எக்ஸ் அஞ்சல் சர்வரைக் காட்டுகிறது. அதில் ஐபி எண்ணை எழுதக் கூடாது, சிநேம் ஆன பெயரையும் எழுதக் கூடாது, ஏ பதிவு உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும். உங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி, டிஎக்ஸ்டி என்ற உரைப் பதிவில் வருகிறது; அது ஒரு பெயருக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது மின்னஞ்சல் சேவையைச் சேர்க்கும்போது இன்னொரு வரியைப் புதிதாக எழுதினால் இரண்டுமே செல்லாது. இருக்கும் வரியிலேயே சேர்க்க வேண்டும்.

எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிப்பது பிடிஆர். இதற்கு உள்ளே தனி ரிவர்ஸ் சோன் உருவாக்க வேண்டும். 192.168.10.0 என்ற நெட்வொர்க்குக்கு எண்களைத் திருப்பிப் போட்டு 10.168.192 என்று சோனின் பெயர் தொடங்கும். இது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், ஆனால் லாக் கோப்புகளில் வெறும் எண்களாகத் தெரியும். வெளி ஐபிக்கான பிடிஆர் உங்கள் கையில் இல்லை. அதை இணைப்பு தருபவர்தான் அமைக்க வேண்டும், சொந்த அஞ்சல் சர்வர் வைத்திருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பிடிஆர் இல்லாத முகவரியிலிருந்து வரும் அஞ்சலைப் பல சர்வர்கள் ஏற்பதில்லை.

பைண்ட் போன்ற சர்வரில் சோன் கோப்பைக் கையால் எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முழுப் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வேண்டும். 'மெயில்.உதாரணம்.காம்' என்று புள்ளியில்லாமல் எழுதினால் சர்வர் அதை 'மெயில்.உதாரணம்.காம்.உதாரணம்.காம்' என்று படிக்கும். அடுத்தது, சோனின் தலைப்பில் இருக்கும் எஸ்ஓஏ பதிவில் உள்ள வரிசை எண்ணைத் திருத்தத்துக்குத் திருத்தம் கூட்டுவது. 2025031401 என்பது போலத் தேதியும் அன்றைய திருத்த எண்ணுமாக எழுதுவது வழக்கம். கூட்ட மறந்தால் இரண்டாவது சர்வர் 'எதுவும் மாறவில்லை' என்று இருந்துவிடும். முதல் சர்வர் புதிய பதிலும் இரண்டாவது பழைய பதிலும் சொல்லும், அதாவது மேலே சொன்ன விதி சத்தமில்லாமல் உடைந்துவிடும்.

டிடிஎல்: பதிலின் ஆயுள்

ஒவ்வொரு பதிவுடனும் டிடிஎல் என்று ஒரு எண் வருகிறது. அந்தப் பதிலை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பது அதன் பொருள். 86400 என்றால் ஒரு நாள், 300 என்றால் 5 நிமிடம். 'டிஎன்எஸ் மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம்' என்று சொல்வார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. ஏற்கெனவே கேட்டு வைத்தவர்களிடம் இருக்கும் பழைய பதில் காலாவதியாகும்வரை காத்திருக்கிறோம், அவ்வளவே.

ஆகவே ஒரு சர்வரை இடம் மாற்றப் போகிறீர்கள் என்றால், பழைய டிடிஎல் 86400 ஆக இருக்கும் பட்சத்தில், மாற்றும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அதை 300 ஆகக் குறையுங்கள். மாற்றுகிற அன்று குறைத்துப் பயனில்லை. பழைய பதிலை வாங்கிச் சென்றவர்கள் 86400 என்ற ஆயுளோடுதான் வாங்கிச் சென்றார்கள். மாற்றம் முடிந்து ஒரு நாள் நிலையாக ஓடியதும் திரும்ப உயர்த்துங்கள்.

'இல்லை' என்ற பதிலுக்கும் ஆயுள் உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. எஸ்ஓஏ பதிவின் கடைசி எண் அதைத் தீர்மானிக்கிறது. அது 3600 என்று இருக்கையில், புதிய பெயரை உருவாக்கும் முன்பே 'வந்துவிட்டதா' என்று சோதித்துப் பார்த்தீர்கள் என்றால், அந்த ரிசால்வர் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இல்லை என்றே சொல்லும். முதலில் பதிவை உருவாக்குங்கள், பிறகு சோதியுங்கள்.

பழைய பதிவுகள்

ஆக்டிவ் டைரக்டரி நெட்வொர்க்கில் கணினிகள் தங்கள் பெயரைத் தாங்களே டிஎன்எஸ்ஸில் பதிந்துகொள்கின்றன. அழிப்பதுதான் யாரும் செய்வதில்லை. வைஃபை நெட்வொர்க்கில் டிஹெச்சிபி குத்தகை, அதாவது ஒரு கணினிக்கு ஐபி எண் கொடுக்கப்படும் காலம், 8 மணி நேரம் என்றால் ஒரே ஐபி எண் ஒரே வாரத்தில் பல மடிக்கணினிகளிடம் கைமாறும். பழைய பெயர்கள் எல்லாம் அந்த எண்ணைக் காட்டியபடி அப்படியே கிடக்கும். தொலைவிலிருந்து ஒருவரின் கணினியைச் சரிசெய்யப் பெயரைத் தட்டி இணைத்தால் வேறொருவரின் திரை வந்து நிற்கும்.

விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில் இதற்குப் பழைய பதிவுகளைத் தானாக நீக்கும் ஸ்கேவெஞ்சிங் இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். சர்வரிலும் ஓட விட வேண்டும், சோனிலும் ஓட விட வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் எதுவும் நடக்காது. இயல்பான காலங்கள் 7 நாளும் 7 நாளும், அதாவது 14 நாட்கள் புதுப்பிக்கப்படாத பதிவு நீக்கத் தகுதி பெறும். கையால் உருவாக்கிய பதிவுகளுக்கு நேர முத்திரை இல்லாததால் அவை தப்பிக்கும். ஆனால் முக்கிய சர்வர்களின் பதிவுகள் முத்திரையோடு இருக்கின்றனவா என்று ஓட விடும் முன் ஒருமுறை பாருங்கள். எல்லாப் பதிவுகளுக்கும் ஒரேயடியாக முத்திரை குத்தும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தெரியாமல் ஓட்டினால் கையால் எழுதிய பதிவுகளும் இரண்டு வாரத்தில் அழியத் தொடங்கும்.

வெளியே போகும் வழி

உள் சர்வர் வெளிப் பெயர்களை இரண்டு வழியில் விசாரிக்கலாம்: ரூட் சர்வரிலிருந்து தானே தொடங்கலாம், அல்லது ஒரு ஃபார்வர்டரிடம் ஒப்படைக்கலாம். இரண்டும் சரியே. தீங்கான தளங்களை வடிகட்டும் சேவையைப் பயன்படுத்த நினைத்தால் ஃபார்வர்டர்தான் வழி. இன்னொரு நிறுவனத்தின் அல்லது கிளையின் உள் பெயர்கள் மட்டும் தேவை என்றால் கண்டிஷனல் ஃபார்வர்டர் போதும். அந்த ஒரு டொமைனுக்கான கேள்விகள் மட்டும் அவர்கள் சர்வருக்குப் போகும்.

டிஎன்எஸ் கேள்விகள் 53-ஆம் போர்ட்டில் யூடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் போகும். ஃபயர்வாலில் யூடிபியை மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மூடி வைப்பது பழைய தவறு. பதில் பெரிதாக இருந்து யூடிபி பாக்கெட்டில் அடங்காவிட்டால் அதே கேள்வி டிசிபியில் திரும்பக் கேட்கப்படும். டிசிபி மூடியிருந்தால் சிறிய பதில்கள் வரும், பெரியவை மட்டும் வராது. கண்டுபிடிக்கத் தலைவலி பிடித்த கோளாறு இது. இரண்டையும் திறங்கள், ஆனால் உள் டிஎன்எஸ் சர்வர்களுக்கு மட்டும். மற்றக் கணினிகள் 53 வழியாக நேரே வெளியே போவதைத் தடுத்துவிட்டால், யாராவது கையால் வேறு சர்வரைப் போட்டிருப்பதும் தெரிந்துவிடும், வைரஸ் திசைமாற்றியிருப்பதும் தெரிந்துவிடும். மறுபுறம், வெளியிலிருந்து வரும் யாருக்கும் உங்கள் ரிசால்வர் பதில் தேடித் தரக் கூடாது. அப்படித் திறந்து கிடக்கும் ரிசால்வர்களை வைத்துத்தான் பிறர் மேல் பெருந்தாக்குதல் நடத்துகிறார்கள்.

பிரவுசர்கள் இப்போது மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸை 443-ஆம் போர்ட் வழியாகத் தாங்களே கேட்கக்கூடும். அப்போது உள் சர்வர் தாண்டப்பட்டு, உள் தளங்கள் அந்த பிரவுசரில் மட்டும் திறக்காமல் போகலாம். அலுவலகக் கணினிகளில் பாலிசி மூலம் இதை அணைத்து வையுங்கள்.

பதில்கள் உண்மையானவையா என்று கையொப்பம் பார்த்து அறியும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை ஓட விட்டிருந்தால் சர்வரின் கடிகாரத்தைக் கவனியுங்கள். கையொப்பங்களுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கடிகாரம் பிசகினால் நல்ல கையொப்பமும் செல்லாததாகி, ஒழுங்காக இருக்கும் டொமைன்களும் திறக்காமல் போகும்.

கோளாறு வந்தால்

முதலில் ஐபி எண்ணால் பிங் செய்யுங்கள், அதாவது அந்த இயந்திரம் பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். எண்ணாலும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை விட்டுவிடுங்கள், சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால், 'ஐபிகான்ஃபிக்' கட்டளையின் முழு வெளியீட்டில் எந்தெந்த டிஎன்எஸ் சர்வர்கள் பட்டியலில் உள்ளன என்று பாருங்கள். எதிர்பாராத எண் ஒன்று அங்கே தெரிந்தால் பெரும்பாலும் தேடல் அத்துடன் முடிந்தது.

பிறகு 'என்எஸ்லுக்அப்' கட்டளையில் பெயரையும், அதன்பின் ஒரு இடைவெளி விட்டுக் குறிப்பிட்ட சர்வரின் எண்ணையும் கொடுத்து ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெயரின் இறுதியில் புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் டொமைன் பின்னொட்டை அது தானாக ஒட்டிக் கேட்டுக் குழப்பும். 'என்எஸ்லுக்அப்' நேராக சர்வரிடம் போகிறது, ஹோஸ்ட்ஸ் கோப்பையும் கணினியின் கேஷையும் பார்ப்பதில்லை. பிங் இரண்டையும் பார்க்கிறது. ஆகவே 'என்எஸ்லுக்அப்' சரியான எண்ணையும் பிங் தவறான எண்ணையும் காட்டினால் குற்றவாளி கணினிக்குள்ளேயே இருக்கிறது. கேஷைக் காலிசெய்யுங்கள்; அதற்கும் அசையாவிட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். எப்போதோ சோதனைக்காக எழுதி மறந்துபோன ஒரு வரி அங்கே இருக்கும்.

இரண்டு சர்வர்களும் வேறு வேறு பதில் சொன்னால் அவற்றுக்கிடையே நகல் நின்றிருக்கிறது. கிளை அலுவலகங்களுக்கு இடையே ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நகலெடுக்கும் என்பதால், சற்று முன் செய்த மாற்றமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு இல்லாத நாளிலும் இதே சோதனையை இரண்டாவது சர்வர் மேல் மாதம் ஒருமுறை செய்துவிடுங்கள். முதல் சர்வர் ஓடும்வரை இரண்டாவது செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது.